முப்பதாம் நாளில் அறுப்பவர்கள்

இந்தோனேசியக் கடல்பாசி விவசாயம் பற்றி எந்த அறிக்கையைப் புரட்டினாலும் ஒரே பல்லவிதான். விவசாயிகள் 45 நாள் காத்திருப்பதில்லை, 30 நாளிலேயே அறுத்துவிடுகிறார்கள். மணலிலேயே போட்டுக் காயவைக்கிறார்கள். ஈரம் போகுமுன் விற்றுவிடுகிறார்கள். காரணம்: விழிப்புணர்வு இல்லை. பரிகாரம்: பயிற்சி முகாம். முகாமில் ஒரு தொப்பி, ஒரு துணிப்பை, மதியச் சாப்பாடு, படம் போட்ட துண்டறிக்கை எல்லாம் கிடைக்கும். மறுவாரமே அந்த ஊரில் மறுபடி 30 நாளில் அறுப்பார்கள். அடுத்த அறிக்கையிலும் அதே வரி வரும். எதையும் எண்ணிப் பார்த்தே செலவழிக்கும் மக்கள், தங்கள் முக்கிய வருமானத்தில் மட்டும் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறார்கள் என்பது நம்பும்படியாக இல்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தால் நம்பிக்கை இன்னும் குறைகிறது.

இந்தக் கணக்குக்கு ரோட்டே தீவை எடுத்துக்கொள்ளலாம். இந்தோனேசியாவின் தென்கோடி அது. திமோர் தீவின் குப்பாங் நகரிலிருந்து வண்டி ஏற்றும் கப்பலில் நான்கு மணி நேரம் போலப் பிடிக்கும். மழைக்கால மேற்குக் காற்றில் அலை எழும்பினால் அந்தக் கப்பலும் நாள்கணக்கில் ஓடாது. மழை சில மாதங்கள்தான், மீதியெல்லாம் வறட்சி. நெல்லும் சோளமும் கைகொடுக்காத அந்த மாதங்களில் ரோட்டேக்காரர்களைக் காப்பாற்றியது பனை. காலையும் மாலையும் மரமேறி இறக்கிய பதநீரைப் பாகாகக் காய்ச்சிக் குடுவைகளில் சேர்த்துவைத்து, வேண்டும்போது தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். பல வீடுகளில் அதுவே ஒருவேளை உணவு. பதநீர் பிடிக்கும் வாளி, கூரை, தொப்பி, சசாண்டோ என்னும் நரம்பு வாத்தியத்தின் ஒலிக்கூடு வரை எல்லாம் பனையோலை. திருச்செந்தூர், உடன்குடிப் பக்கத்து ஆள் அங்கே போய் இறங்கினால் நிறைய விஷயங்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

1990களிலிருந்து இந்தப் பனைப் பொருளாதாரத்தின் பக்கத்தில் பாசி வந்து உட்கார்ந்தது. பனைக்கு ஏறத் திடமான ஆண் வேண்டும். பாசிக்கு அப்படியில்லை. முழங்கால் தண்ணீரில் நிற்கத் தெரிந்த யாரும் செய்யலாம். தொலைதூரக் கடற்கரைக் கிராமத்துக்கு இது இன்னொரு வகையிலும் பொருந்தியது. மீன் பிடித்தால் ஐஸ் வேண்டும், அன்றே சந்தை வேண்டும். காய்ந்த பாசி மூட்டையில் மாதக்கணக்கில் கிடக்கும். கப்பல் ஒரு வாரம் வராவிட்டாலும் அழுகாது.

கயிறும் முடிச்சும்

வளர்ப்பது பெரும்பாலும் கப்பாஃபைகஸ் அல்வரேசி என்ற வகை. வியாபாரத்தில் 'கோட்டோனி' என்பார்கள். பற்பசை குழகுழவென்று நிற்கவும், ஐஸ்கிரீமில் பால் பிரியாமல் இருக்கவும், பூனை நாய்களுக்கான டப்பா உணவு கெட்டியாகவும் சேர்க்கும் காராஜீனன் இதிலிருந்து வருகிறது. 1970களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் வளர்ப்பு முறை உருவாகி, 1980களில் பாலிக்கு வந்து, அங்கிருந்து தீவு தீவாகப் பரவியது. நம் ராமநாதபுரம் கரையில் 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை கட்டி, 60 கிலோ விதைப்பாசி போட்டு வளர்ப்பதும் இதே இனம்தான். ரோட்டேயின் ஆழமில்லாத கரைகளில் மிதவை கிடையாது. கடலடி மணலில் முளைக்கம்பு அடித்து, இரண்டு கம்புக்கு நடுவே கயிற்றை இழுத்துக் கட்டுவார்கள். ஆழமான இடத்தில் நீண்ட கயிற்றைக் காலி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் தூக்கிப் பிடிக்கும்.

இந்தப் பாசிக்கு விதை என்று தனியாக ஒன்று இல்லை. அறுத்த பாசியிலிருந்து இளங்கிளைகளைத் தேர்ந்து மறுபடி கட்டுவதுதான் விதைப்பு. நுனி கூராக, நிறம் பளிச்சென்று, வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லாத கிளையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தியால் நசுக்கி அறுத்தால் வெட்டுவாய் அழுகும். 50 முதல் 100 கிராம் வரையிலான கொத்தாகப் பிரித்து, கயிற்றில் சுமார் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மெல்லிய பிளாஸ்டிக் நூலால் கட்ட வேண்டும். முடிச்சை இறுக்கினால் கொத்து பருக்கும்போது நூலே அறுத்துவிடும். தளர்த்தினால் அலையில் ஆடி ஆடி உராய்ந்து போய்விடும். முடிச்சு வேலை அநேகமாகப் பெண்களுடையது. 20 மீட்டர் கயிற்றில் 100 முடிச்சு. ஒன்றுக்குக் கால் நிமிடம் என்று வைத்தாலும் ஒரு கயிறு அரை மணி நேரத்தை நெருங்கும். அத்தனை நேரமும் விதைப்பாசி நிழலில், ஈரச் சாக்கின் கீழ் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த கொத்து கடலுக்குப் போனபின் சாவதைக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று நாளாகும்.

கயிற்றின் உயரம் இன்னொரு நுணுக்கம். தாழ்ந்தால் மணலில் உரசும், கடல் முள்ளெலி மேயும். உயர்ந்தால் அமாவாசை, பௌர்ணமி வற்றத்தில் தண்ணீருக்கு வெளியே தெரியும். நடுப்பகல் வெயிலில் அப்படி ஒரு மணி நேரம் நின்றால் நுனிகள் வெளுக்கும். கடைசி வற்றத்திலும் மேலே ஓரடித் தண்ணீராவது நிற்கும்படி கம்பு அடிப்பவர்தான் தொழில் தெரிந்தவர். அதே பெரிய வற்றத்தில்தான் ஆட்கள் இறங்கி வேலை செய்யவும் முடியும் என்பதால், ஊரின் நாட்காட்டியே நிலவை வைத்து ஓடுகிறது. வற்றம் விடியற்காலையில் வந்தால் பெண்கள் இருட்டில் டார்ச்சோடு இறங்குகிறார்கள். நாள் விட்டு நாள் கயிற்றை உலுக்கிப் படிந்த சேற்றைக் கழுவ வேண்டும். சேறு மூடிய பாசிக்கு வெளிச்சம் கிடைக்காது. ஒரா மீன் கூட்டம் ஒன்று வந்தால் நுனிகளை மட்டும் கத்தரித்தாற்போல் மேய்ந்துவிட்டுப் போகும். வளர்ச்சி நுனியில்தான் என்பது அந்த மீனுக்கு எப்படித் தெரியுமோ!

முப்பதா, நாற்பத்தைந்தா?

இப்போது கணக்கு. கொத்துக்கு 75 கிராம் என்றால் ஒரு கயிற்றில் ஏழரைக் கிலோ விதை. நல்ல தண்ணீரில் நாளுக்கு 4 சதவீத வளர்ச்சி என்பது நியாயமான எதிர்பார்ப்பு. கூட்டு வட்டி மாதிரி இது ஏறும். 30ஆம் நாளில் 24 கிலோ. 45ஆம் நாளில் 44 கிலோ. அடுத்த சுற்றுக்கு ஏழரைக் கிலோவை எடுத்துவைத்துவிட்டால், விற்க மிஞ்சுவது 30 நாளில் பதினாறரை, 45 நாளில் முப்பத்தாறரை. கடைசிப் பதினைந்து நாளில் விற்பனைச் சரக்கு இரட்டிப்பைத் தாண்டுகிறது. இளம்பாசியில் தண்ணீர் அதிகம், காராஜீனன் குறைவு. ஆகவே காய்ந்தபின் வித்தியாசம் இன்னும் கூடும். முதிர்ந்தது எட்டுக் கிலோவுக்கு ஒரு கிலோ நின்றால், இளசு பத்துக்கு ஒன்றுதான் நிற்கும். வருடத்துக்கு 12 சுற்று, 8 சுற்று என்று போட்டாலும் 45 நாள்காரர் பக்கமே தராசு சாய்கிறது. துண்டறிக்கையில் இருப்பது இந்தப் பாதிக் கணக்குதான். அது பிழையில்லை, அதனால்தான் எழுதியவர்களுக்கு அவ்வளவு நிச்சயம்.

மீதிப் பாதி, ஐஸ்-ஐஸ் என்னும் நோய். தண்ணீர் சூடேறினாலோ, திடீர் மழையில் உப்பு குறைந்தாலோ, ஓட்டமில்லாமல் தேங்கினாலோ பாசி தளர்கிறது. தளர்ந்த தண்டில் பாக்டீரியா ஏறுகிறது. முதலில் ஒரு கணுவில் பனிக்கட்டி போல வெண்மை. ஓரிரு நாளில் அந்த இடம் மென்மையாகி ஒடிய, அதற்கு மேலுள்ள பச்சைக் கிளை முழுவதும் நீரோடு போய்விடுகிறது. பருவம் மாறும் மாதங்கள் இதற்குப் பேர்போனவை. கொத்து பெருத்திருந்தால் ஆபத்து கூடும். உள்ளே நீரோட்டம் புகாது, அலையின் இழுவையும் அதிகம். ஆக, 30ஆம் நாளில் 24 கிலோ கயிற்றில் தொங்குகிறது. அறுத்தால் பதினாறரை நிச்சயம், விதை பத்திரம். காத்திருந்தால் முப்பத்தாறரை கிடைக்கலாம், விதையோடு எல்லாமே போகவும் செய்யலாம்.

எத்தனைக்கு எத்தனை ஆபத்து என்றால் இரண்டும் சமமாகும்? முன்கூட்டி அறுப்பவருக்கு நாளுக்கு 0.55 கிலோ வருகிறது. காத்திருப்பவருக்கும் அதே நாள் வருமானம் நிற்கும் புள்ளியைத் தேடினால், அழியும் வாய்ப்பு நான்கில் ஒன்றைச் சற்றுத் தாண்டும் இடத்தில் வந்து நிற்கிறது. நல்ல மாதத்தில் ஆபத்து அவ்வளவு இருக்காது, காத்திருக்கலாம். கெட்ட மாதத்தில் நான்கில் ஒன்று என்பது சாதாரணம். இந்த எண்ணை யாரும் தாளில் போட்டுப் பார்ப்பதில்லை. கணுவில் முதல் வெண்புள்ளி தெரிந்ததும் கையில் கூடையை எடுப்பதுதான் அந்தக் கணக்கு.

இதிலும் சராசரி ஏமாற்றும். நூறு கயிறு வைத்திருப்பவருக்கு நான்கில் ஒன்று ஆபத்து என்றால் இருபத்தைந்து கயிறு போகும், எழுபத்தைந்து நிற்கும் என்று அர்த்தமில்லை. எல்லாக் கயிறும் ஒரே தண்ணீரில் கிடக்கின்றன. எல்லாக் கொத்தும் ஒரே செடியின் துண்டுகள், ஒன்றுக்கு வந்த சூடு எல்லாவற்றுக்கும். போனால் நூறும் போகும், பக்கத்து வீட்டுக்காரரின் நூறும் போகும். அப்புறம் விதை கேட்கக்கூட ஆள் இருக்காது. காப்பீடு விற்கிற ஆட்களுக்கு இந்த நிலைமை நன்றாகப் புரியும், அதனால்தான் அவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை.

இதற்கு மேல் கைச்செலவு இருக்கிறது. இந்தோனேசியாவில் பள்ளி திறப்பது ஜூலையில். சீருடை, புத்தகம் எல்லாம் ஒரே வாரத்தில் வரும் செலவு. ஊரில் ஒரு சாவு என்றால் பன்றியோ எருமையோ கொண்டுபோக வேண்டிய உறவுமுறை இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் பரிசத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பங்கு போட வேண்டும். 34ஆம் நாள் பாசிக்கு இன்னும் 11 நாள் பாக்கி என்பது இவற்றுக்குத் தெரியாது.

ஈரத்தின் விலை

இரண்டாவது குற்றச்சாட்டு, காயவைப்பது. நல்ல முறை எல்லோருக்கும் தெரியும். இடுப்புயரத்துக்கு மூங்கில் பரண் கட்டி, பழைய மீன்வலையை விரித்து, பாசியை மெல்லிசாகப் பரப்ப வேண்டும். இல்லையென்றால் கயிற்றோடு அப்படியே தொங்கவிட வேண்டும். தொங்கும் பாசியில் மணல் ஒட்டாது, உப்பு நீரும் வடிந்துவிடும். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் ஆகும், இடையில் புரட்ட வேண்டும், பொழுது சாய்ந்தால் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். பாதி காய்ந்த சரக்கில் மழை விழுந்தால் காராஜீனனும் நிறமும் சேர்ந்தே வழிந்துபோகும். சரியாகக் காய்ந்தது ரப்பர் போல வளையும், கையில் உப்புப் பொடி ஒட்டும். ஏற்றுமதிக்காரர் கேட்கும் ஈரப்பதம் 35 சதவீதத்தை ஒட்டி. கிராமத்திலிருந்து கிளம்பும் மூட்டையில் 40 இருப்பது சகஜம்.

இந்த ஐந்து சதவீதம் சோம்பேறித்தனமா? 100 கிலோ மூட்டையில் 40 சதவீத ஈரம் என்றால் உலர்பொருள் 60 கிலோ. அதை 35 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் எடை 92 கிலோவாகும். இன்னொரு பகல் வெயிலில் நின்று புரட்டியதற்குக் கூலியாக எட்டுக் கிலோ காணாமல் போகிறது. கிலோ 12,000 ரூபியா என்றால், காய்ந்த சரக்குக்கு 13,000 கொடுத்தால்தான் பழைய தொகையே கைக்கு வரும், அந்த ஒருநாள் உழைப்புக்கு இன்னும் எதுவும் சேரவில்லை. கரைக்கு வரும் வியாபாரி பெரும்பாலும் தருவது ஒரே விலை. கையால் ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்ப்பார், மூக்கில் வைப்பார், எல்லா மூட்டையும் ஒன்றாகத் தராசில் ஏறும். சுத்தமாகக் காயவைத்த வீட்டின் சரக்கும் மணலோடு வந்த சரக்கும் ஒரே குவியல். இப்படி ஒரு சந்தையில் ஈரத்தோடு விற்காதவர் எட்டுக் கிலோவை இனாமாகக் கொடுக்கிறார். தரம் வேண்டும் என்று சொல்பவர்கள் தரத்துக்கு விலை வைத்துப் பார்க்கட்டும். ஒரு ஈரமானியும் மூன்று படி விலைப்பட்டியலும் போதும், முகாமே வேண்டாம்.

வியாபாரியை வில்லனாக்கவும் மனம் வரவில்லை. கயிறும் நூலும் வாங்க முன்பணம் கொடுப்பது அவர், நள்ளிரவில் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கதவைத் தட்டினால் திறப்பதும் அவர். பதிலுக்குச் சரக்கு அவருக்கே வர வேண்டும், விலை அவர் சொன்னது. குப்பாங்கிலோ சுரபாயாவிலோ மகஸ்ஸரிலோ ஆலைக்காரன் ஈரம், மணல் என்று கழித்துக்கொள்வான் என்று தெரிந்துதான் கரையிலேயே அதைச் சராசரியாகக் கழித்து விலை சொல்கிறார். நல்ல சரக்குக்குத் தனி விலை கொடுத்தால் முன்பணம் வாங்கிய மற்றவர்களின் மோசமான சரக்கை என்ன செய்வார்? மேலே சீன ஆலைகளின் கொள்முதல் ஏறி இறங்குவதில் அவருக்கும் பிடி கிடையாது. 2022இல் தென் சுலவேசியில் கிலோ 40,000 ரூபியாவைத் தொட்டது, அடுத்த ஆண்டே பாதிக்குக் கீழே சரிந்தது. 40,000 விற்றபோது யாரும் ஈரத்தைப் பற்றிப் பேசவில்லை. 20 நாள் பாசியைக்கூட அள்ளிக்கொண்டு போனார்கள். தரம் பற்றிய உபதேசம் விலை சரிந்த பிறகுதான் திரும்பி வருகிறது.

2009

விதை என்பது இங்கே எவ்வளவு பெரிய முதல் என்பதை ரோட்டே ஒருமுறை பார்த்துவிட்டது. 2009 ஆகஸ்ட் 21 அன்று, திமோர் கடலில் ஆஸ்திரேலியப் பகுதியிலுள்ள மொன்டாரா எண்ணெய்க் கிணறு கட்டுப்பாடிழந்து கசியத் தொடங்கியது. தாய்லாந்து அரசு எண்ணெய் நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளையான பிடிடிஈபி ஆஸ்திரேலேசியா நடத்திய கிணறு அது. ரோட்டேயிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தூரம். அடைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. கசிந்த எண்ணெயைக் கரைக்க மேலே ரசாயனமும் தூவினார்கள். சில வாரங்களில் ரோட்டே, குப்பாங் கரைகளில் பாசி வெளுத்து உதிரத் தொடங்கியது.

ஐஸ்-ஐஸ் வந்தால் ஒரு விரிகுடா போகும், அடுத்த விரிகுடாவில் விதை கிடைக்கும். இது அப்படியில்லை. கரை கரையாக ஒரே சமயத்தில் போனது. விதை இல்லாமல் திரும்பத் தொடங்குவது என்றால் என்ன என்பதையும் கணக்காகவே பார்க்கலாம். நூறு கயிற்றுக்கு 750 கிலோ விதை வேண்டும். எங்கிருந்தோ பத்துக் கிலோ நல்ல விதை கிடைத்தது, ஒரு கிராம்கூட விற்காமல் திரும்பத் திரும்பக் கட்டுகிறோம், நாளுக்கு 4 சதவீதம் தவறாமல் வளர்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 750 கிலோவை எட்ட 110 நாள். 3 சதவீதம்தான் வளர்கிறது என்றால் 146 நாள். இவ்வளவும் நோயில்லாத, மீன் மேயாத, எண்ணெய் மிச்சமில்லாத தண்ணீரில். அந்த மாதங்களில் கயிறு உண்டு, கம்பு உண்டு, உழைப்பு உண்டு, வருமானம் மட்டும் கிடையாது. தண்ணீரே சரியில்லாவிட்டால் இந்தக் கணக்கு தொடங்கவே தொடங்காது. ரோட்டேயில் பல வருடங்களுக்குத் தொடங்கவில்லை என்பதுதான் விவசாயிகளின் வாக்குமூலம்.

எண்ணெய் இந்தோனேசியக் கரையைத் தொடவே இல்லை என்று நிறுவனம் சொல்லிக்கொண்டே இருந்தது. 2016இல் டேனியல் சாண்டா என்ற ரோட்டே விவசாயி, 15,000க்கும் மேற்பட்ட பாசி விவசாயிகளுக்காக ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2021 மார்ச்சில் நீதிபதி யேட்ஸ் தீர்ப்பளித்தார். எண்ணெய் ரோட்டேக்கு வந்தது, சாண்டாவின் பாசியை அழித்தது, நிறுவனம் கவனக்குறைவாக நடந்துகொண்டது என்றார். சாண்டாவுக்கு மட்டும் 25 கோடி ரூபியாவுக்குச் சற்று மேலான தொகை, வட்டி தனி. ஆஸ்திரேலியப் பணத்தில் அது இருபத்தி இரண்டாயிரம் டாலர் சொச்சம். 2022 நவம்பரில் எல்லோருக்குமாகச் சேர்த்து 19 கோடியே 25 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆனது. 15,000 பேருக்கு வகுத்தால், வழக்குச் செலவு கழிப்பதற்கு முன், தலைக்குப் பதின்மூன்றாயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவு. கசிவுக்கும் சமரசத்துக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்.

அந்த வழக்கில் ஒரு விஷயம் இந்தக் கட்டுரைக்கு நேராகத் தொடர்புடையது. இப்படி நட்டஈடு கணக்கிட என்னென்ன வேண்டும்? எத்தனை கயிறு, எந்த மாதத்தில் எத்தனை நாளில் அறுத்தார், எவ்வளவு காய்ந்தது, யார் என்ன விலைக்கு எடுத்தார். கிராமத்தில் ரசீது போடும் பழக்கம் இல்லை. இருந்தது பெரும்பாலும் நினைவு மட்டுமே. அந்த நினைவைச் சாட்சியாகக் கொண்டுபோய், எதிர்த்தரப்பு வக்கீல்களின் குறுக்கு விசாரணையில் நிறுத்தி, ஒரு வெளிநாட்டு நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடிந்தது. அதைச் செய்தவர்கள், முகாம் போடுகிறவர்களின் அறிக்கைகளில் 'விழிப்புணர்வு இல்லாதவர்கள்' என்று வரும் அதே மக்கள்.

விதைக்கு யார் பொறுப்பு

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், 45 நாள் காத்திருங்கள் என்ற அறிவுரை தவறில்லை, அது ஆளை மாற்றிப் போய்ச் சேருகிறது. கடைசிப் பதினைந்து நாள் ஆபத்தை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. முதிர்ந்த பாசியில் அதிகம் கிடைப்பது ஆலைக்கு, ஆபத்து முழுவதும் விவசாயிக்கு. விதை பத்திரமாக இருந்தால் அவர் தானாகவே இன்னும் பத்து நாள் விடுவார். கெட்ட மாதங்களில் விவரமானவர்கள் செய்வதும் அதுதான். ஓட்டமுள்ள, கொஞ்சம் ஆழமான, குளிர்ந்த தண்ணீரில் பத்துப் பதினைந்து கயிற்றை மட்டும் விதைக்கென்று தனியாக வைத்துவிடுவார்கள். அதை விற்பனைக்கு வளர்ப்பதில்லை, 25 நாளுக்கு ஒருமுறை பிரித்து மறுபடி கட்டி, இளசாகவே வைத்திருப்பார்கள். அங்கே போய்வரப் படகும் எண்ணெயும் வேண்டும். படகு இல்லாத வீடுகள் 30ஆம் நாளில் அறுக்கின்றன. இந்த வேறுபாட்டை எந்த அறிக்கையும் கேட்பதாகத் தெரியவில்லை.

அரசு உதவி என்று வருவது பெரும்பாலும் கயிறும் மிதவையும். எண்ண வசதி, படம் எடுக்க வசதி. விதையும் வருகிறது. அரசின் கடல்வளர்ப்பு நிலையங்கள் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற, வேகமாக வளரும் நாற்றுகளைத் தயாரிக்கின்றன. நல்ல சரக்குதான், ஆனால் வந்து சேரும் வழிதான் அதைக் கெடுக்கிறது. ஒரு நாளுக்கு மேல் தண்ணீருக்கு வெளியே இருந்தால் பாசி தளரும். சாக்கில் அழுத்திக் கட்டினால் நடுவில் சூடேறி வேகும். அடியில் தண்ணீர் தேங்கினால் அழுகும். மழையில் நனைந்தால் அதோடு முடிந்தது. ஓட்டைகள் போட்ட பையில் தளர்வாக அடுக்கி, கடல்நீரில் நனைத்த துணியால் மூடி, இரவுப் பயணமாகக் கொண்டுவந்து, இறக்கிய உடனே வலைப்பையில் போட்டுக் கடலில் ஓரிரு நாள் தெளியவிட்டுத்தான் கட்ட வேண்டும். ரோட்டேக்கு விமானம், லாரி, நான்கு மணி நேரக் கப்பல், மறுபடி லாரி என்று வருவதற்குள் அது பகல் வெயிலில் எங்கோ ஒரு துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருக்கும். வந்ததில் பாதி ஒரு வாரத்துக்குள் உதிர்ந்தால், அதையும் விவசாயி சரியாகக் கட்டவில்லை என்றுதான் எழுதுவார்கள். குப்பாங்கிலேயே, முடிந்தால் ரோட்டேயிலேயே, ஒரு நாற்றங்கால் இருந்தால் விதை காலையில் அறுத்து மாலையில் கயிற்றுக்குப் போய்விடும். அதற்கு ஆகும் செலவை அத்தனை முகாம்களின் தொப்பிச் செலவோடு யாராவது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.